இண்டியானாவில் இப்படி ஒரு சட்டம்

இடுப்பில் துப்பாக்கியோடு ஒரு பெரியவர் தன் காரையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

நெடுஞ்சாலை ஓய்விடத்தில் காபி வாங்க இறங்கிய போலீஸ்காரர் ஹோஸ்டெட்லருக்குச் சந்தேகம் தட்டியது. இண்டியானாவில் துப்பாக்கி வெளியே தெரிய நடமாடுவது குற்றமில்லைதான். ஆனால் இதென்ன பிரதட்சணம்?

"என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"சட்டப்படி நடக்கிறேன் தம்பி," என்றார் பெரியவர் வர்ஜில், நிற்காமலே. "கன்சாஸ்லேர்ந்து வர்றோம். அங்க இடுப்புல வச்சுக்கலாம். மிசௌரியிலயும் அப்படியே. இல்லினாய்ல கூடாதுன்னாங்க. தோட்டாவைக் கழட்டி, பெட்டியில பூட்டி, டிக்கியில போட்டேன். அதெல்லாம் சரி. உங்க ஊர்ல மட்டும் ஏன்யா இந்த அநியாயம்?"

"எந்த அநியாயம்?"

"வெளியூர்க்காரன் துப்பாக்கி வச்சிருந்தா, அப்பப்போ இறங்கி காரைப் பத்து சுத்து சுத்தணுமாமே! எந்தப் புண்ணியவான் போட்ட சட்டம்?"

"யார் சொன்னது?"

"என் பொண்டாட்டி வெர்னா. கிளம்பறதுக்கு முன்னாடி எல்லா மாநிலச் சட்டத்தையும் கரைச்சுக் குடிச்சிட்டா."

"வர்ஜில்! வாயைக் குறைச்சுட்டுக் காலை எட்டிப் போடு!" காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஹோஸ்டெட்லர் ஜன்னல் பக்கம் குனிந்தார். "ஏம்மா, வயசான மனுஷனை இப்படியா ஏமாத்துறது? அப்படி ஒரு சட்டமே..."

வெர்னா அவசரமாக உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா தம்பி! போன மாசம் இவருக்குக் கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சுபோச்சு. பிழைச்சதே பெரிசு. கார்ல போனா அடிக்கடி இறங்கி நடக்கணும்னார் டாக்டர். இந்த மனுஷன் கேட்டாத்தானே? 'அவனுக்கென்ன தெரியும்'கிறார். ஆனா சட்டம்னு சொன்னா மட்டும் கப்சிப்."

ஹோஸ்டெட்லர் நிமிர்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், பத்து சுத்து பழைய சட்டம். இப்போ பதினஞ்சு!"

"அடப்பாவிகளா!"

முணுமுணுத்துக்கொண்டே சுற்றி முடித்த வர்ஜில், மூச்சு வாங்க ஹோஸ்டெட்லரின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ரொம்ப நன்றி தம்பி. காட்டிக்கொடுக்காம இருந்தியே."

"யாரை சார்?"

"அவளைத்தான். நாப்பது வருஷமா துப்பாக்கி வச்சிருக்கேன், எனக்கா சட்டம் தெரியாது? டாக்டர் சொன்னப்போ நடக்கத் தோணலை. பொய்யே பேசத் தெரியாதவ எனக்காக இவ்வளவு பொய் சொல்றா, நடக்காம எப்படிய்யா இருக்கறது?"