விரிசலுக்கு முன்னால் ஓர் ஓட்டை

பைக்கின் பின்பக்கச் சட்டத்தில் சீட்டைத் தாங்கும் இரும்புக் காது ஒடிந்துபோய், அதன் அடியிலிருந்த குழாயிலும் விரிசல் விட்டிருந்தது.

"காதை ஒட்டவைக்கிறவங்க ஒட்டவைக்கட்டும். அடுத்த பள்ளத்துல உன்னை ரெண்டாக்கிடுறேன் பாரு," என்று குழாயை மிரட்டியது விரிசல்.

காதுக்கு வெல்டிங் வைத்து முடிந்ததும் டிரில் வந்தது. விரிசலின் நுனி பார்த்து ஓட்டை போட்டது.

"அடப்பாவி, நீயும் என்னைக் குத்துறியா?" என்று அலறியது குழாய்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ அண்ணே," என்றது டிரில்.

ரோட்டில் முதல் பள்ளம் வந்தது. விரிசல் ஆவேசமாகப் பாய்ந்து ஓட்டைக்குள் விழுந்தது. மேற்கொண்டு கிழிக்க ஒரு மூலை கிடைக்குமா என்று விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தது. சுற்றிலும் வழவழப்பான வட்டம்தான்.

"யாருடா அது, என்னைத் தடுக்கிறது?" என்று கத்தியது.

குழாய் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தது. அங்கே யாருமே இல்லை.