சூனிய வகுப்பு

"உங்கட மகள் சூனியம் படிக்கிறாள்."

கமலாம்பிகை ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கணவனின் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் தொப்பென்று போட்டாள்.

குகதாசன் காலை ஷிப்ட் முடிந்து வந்து அப்போதுதான் ஒரு வாய் வைத்திருந்தார். பிள்ளை நல்லது செய்தால் 'என்ர மகள்', பிழை செய்தால் 'உங்கட மகள்'. ஜதுர்ஷிகா பிறந்த நாள் தொட்டு அந்த வீட்டில் இதுதான் சட்டம்.

புத்தகத்தின் அட்டையில் பிறை நிலாவும் மெழுகுதிரியும் இருந்தன. சூனியக் கலை, தொடங்குபவர்களுக்கு என்று இங்கிலீசில் போட்டிருந்தது. விக்கா என்று ஒரு சமயமாம்.

"லைப்ரரிப் புத்தகம்தானே. வாசிச்சிட்டுக் குடுத்திடுவாள்."

"வாசிக்கிறதோட நிண்டால் பரவாயில்லையே. ஞாயிற்றுக்கிழமையில யோகாவுக்கு எண்டு போறாளெல்லோ, அது யோகா இல்லை. டூட்டிங்கில இதுக்கு வகுப்பு நடக்குதாம். பக்கத்து ஃபிளாட் சயந்தினி கண்டிட்டு வந்து சொன்னவள்."

"ஏனாம் உதைப் படிக்கிறாள்?"

"வேற ஏன்? என்னை மயக்கிக் கலியாணத்துக்கு ஓம் சொல்ல வைக்கத்தான்."

ஓம் சொல்ல வேண்டியது டினேஷுக்கு. ஜதுர்ஷிகா கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று நிற்கும் பொடியன். ஹவுன்ஸ்லோவில் வீடு, விமான நிலையத்தில் வேலை, குணத்தில் ஒரு குறை சொல்ல ஏலாது. ஆனால் வேதக்காரப் பொடியன், கிறிஸ்தவன். அந்த ஒன்றைத்தான் கமலாம்பிகையால் விழுங்க முடியவில்லை. அம்மா சம்மதிக்காமல் கழுத்து நீட்டமாட்டேன் என்று மகள். உயிர் போனாலும் சம்மதிக்கமாட்டேன் என்று தாய். நடுவில் கிடந்து உலர்ந்துபோனவர் குகதாசன்.

"எழும்புங்கோ. காரை எடுங்கோ. இண்டைக்குக் கையும் களவுமாப் பிடிக்கிறன்."

சோறு அப்படியே கிடந்தது.

டூட்டிங்கில் ஒரு மண்டபத்தின் மேல்மாடி. கமலாம்பிகை நெற்றி நிறையத் திருநீறு பூசி, முருகா முருகா என்று படியேறினாள். மண்டையோடும் கறுப்பு அங்கியும் இருக்கும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள், உள்ளே பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்துதான் போனாள். பத்துப் பன்னிரண்டு பேர், பிளாஸ்டிக் கதிரைகள், தேத்தண்ணீர், பிஸ்கட். படிப்பிக்கிற லின்டா, கார்டிகன் போட்ட ஒரு வயதான வெள்ளைக்காரி, புதிதாக வந்த இருவரையும் கண்டு சிரித்து, பின்னால் இருக்கும்படி கையைக் காட்டினாள்.

ஜதுர்ஷிகா முன் வரிசையில் இருந்தாள். இவர்களை அவள் காணவில்லை.

"கூப்பிடட்டோ?" என்று கமலாம்பிகை எழும்பப் பார்த்தாள்.

"பொறும். சனத்துக்கு முன்னால வேண்டாம். முடியட்டும்."

லின்டா ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தினாள். நாலு திசையையும் கும்பிட்டாள். கிண்ணத்து உப்பைக் காட்டி, இது கெட்டதை எல்லாம் இழுத்துக்கொள்ளும், அதனால் உப்பால் வட்டம் போடுவோம் என்றாள்.

குகதாசன் மனைவியின் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"இஞ்சரும், நீர் வெள்ளிக்கிழமையில உப்பும் செத்தல் மிளகாயும் சுத்தி எரிக்கிறதும் உதுதானே? போன கிழமையும் புகை அலாரம் அடிச்சுக் கீழ் வீட்டுக்காரன் ஓடி வந்தவன்."

"அது நாவூறு கழிக்கிறது. இது சூனியம். பேசாமல் இருங்கோ."

அவர் பேசாமல் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். பசிக்கு அது எங்கே காணும்.

"வேறெதை மறந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்," என்றாள் லின்டா. "ஒருவருக்கும் தீங்கு செய்யக்கூடாது. இன்னொருவரின் மனதை அவர் விருப்பமில்லாமல் திருப்பப் பார்ப்பதும் தீங்குதான். நாம் எதை அனுப்பினாலும் அது மூன்று மடங்காக நம்மிடமே திரும்பி வரும் என்று எங்களில் பலர் நம்புகிறோம்."

"நல்லாத்தான் கதைக்கிறாள்," என்று கமலாம்பிகை முணுமுணுத்தாள். கைப்பையை ஏனோ மடியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"யாருக்காவது கேள்வி இருக்கிறதா?"

ஜதுர்ஷிகா கையைத் தூக்கினாள். இங்கிலீசில்தான் கேட்டாள்.

"நான் இங்கே வந்ததே இதைக் கேட்கத்தான். என் தலையணைக்குள் யாரோ ஒரு செப்புத் தகட்டை வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதில் என் பெயரும் நான் விரும்புகிறவரின் பெயரும் இருக்கிறது. நடுவில் ஒரு கோடு. இரண்டு பேரைப் பிரிக்க எங்கள் ஆட்கள் அப்படிச் செய்விப்பார்கள்."

குகதாசன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை உடனே எடுத்து எறிந்துவிடலாமே?" என்றாள் லின்டா.

"எறியலாம். ஆனால் எறிந்தால் அது வைத்தவருக்கே திரும்பிப் போய்விடுமா? அதுதான் பயம். எறியாமல் அதிலேயே தலையை வைத்துப் படுக்கிறேன். அவருக்கு ஒன்றும் ஆகாமல் எடுக்க ஒரு வழி இருக்கிறதா?"

"வைத்தது யாரென்று தெரியுமா?"

"தெரியும்."

"அவர் மேல் உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"நிறைய இருக்கிறது," என்றாள் ஜதுர்ஷிகா. "அதற்காக மூன்று மடங்கா? ஒரு மடங்கையே என் அம்மா தாங்கமாட்டா."