சாலா எப்ப வருவா?

"சாலா எப்ப வருவா, ஆத்தா?"

இன்றைக்கும் மகன் தன் பெண்டாட்டியைப் பற்றிக் கேட்டுவிட்டான். பொன்னம்மாள் கஞ்சியை ஆற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவளைப் பெத்த அப்பச்சி இடுப்பொடிஞ்சு கெடக்காகன்னு சொன்னேன்ல? அவுக எந்திரிச்சு ஒக்காந்ததும் வந்துருவா. நீ குடி."

சொக்கநாதன் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தான். மூளையைச் சுற்றிய சவ்வில் காசம். ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வருமாம். வந்து பிழைத்தவர்கள் அதிலும் அபூர்வமாம். பட்டணத்து ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காக முதுகுத்தண்டில் ஊசி குத்தி உயிரை மீட்டுக் கொடுத்திருந்தார்கள். காதில் ஓயாத இரைச்சலும், சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாத தள்ளாட்டமும் மிச்சம். "மனசு அதிராமப் பாத்துக்குங்க. திரும்ப வந்தா எங்க கையில இல்லை" என்று டாக்டர் பொன்னம்மாளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. எட்டிப் பார்த்துவிட்டு ஓடினாள். மலாயாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய தம்பி முருகப்பன்.

"ஆச்சி, நம்ம சாலா இப்படி..."

அவன் வாயைப் பொத்தினாள். "மெதுவா! அவனுக்குத் தெரியாது. நெனப்பில்லாம அவன் அங்க கெடந்தப்ப, இங்க அவளை வாந்திபேதி வாரிக்கிட்டுப் போயிருச்சு. பொறந்த வீட்டுல இருக்கான்னு சொல்லி வச்சிருக்கோம். ஊரே அப்படித்தான் சொல்லுது. இவனையும் பறிகுடுக்க எனக்குத் தெம்பில்ல, தம்பி."

முருகப்பன் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி உள்ளே போனான்.

"என்ன மாப்ள, எமனுக்கே டிமிக்கி குடுத்துட்டியாமே!"

"வாங்க அம்மான். ராயவரம் வழியாவா வந்தீங்க? அவ பொறந்த வீட்டுல சாலாவைப் பாத்தீங்களா?"

"பாக்காம வருவனா? அவ போட்ட காப்பியைக் குடிச்சுட்டுத்தான் வாரேன். ஒங்கொறட்டை கேக்காம அவளுக்குத் தூக்கமே இல்லையாம். ஒரு தகர டப்பாவுல அடைச்சுக் குடுத்து விடச் சொன்னா."

சொக்கநாதன் வாய்விட்டுச் சிரித்தான். ஊர் திரும்பிய பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"வேற என்ன சொன்னா?"

"மருந்தைக் கண்டா மூஞ்சியச் சுளிப்பியாமே. இங்கிட்டு வந்து மூக்கைப் பிடிச்சு ஊத்துவாளாம்."

கேட்கக் கேட்கச் சொன்னான். இதற்குமேல் முடியாது என்றானபோது எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் வெளியேறினான். வண்டி நகர்ந்தது.

"அம்மான் போயிட்டு வாரேன்னு சொல்லலையே, ஆத்தா."

பொன்னம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. சாவு விழுந்த வீட்டுக்கு வருகிறவர்கள்தான் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். பேச்சில் அத்தனை கவனமாக இருந்தவன், பழக்கத்தில் கோட்டைவிட்டுவிட்டான்.

"அலுப்பா இருந்திருக்கும்யா. மறந்திருப்பான்."

"எல்லாருமா மறப்பாங்க? என்னையப் பாக்க வந்தவங்க ஒருத்தர்கூடச் சொல்லிக்கிட்டுப் போகலையே. நான் ஊர் திரும்பின அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவள் அவன் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சிருந்துமா ராசா, எப்ப வருவான்னு தெனமும் கேட்ட?"

"நான் கேட்டாத்தானே, ஆத்தா, இந்த வீட்டுல யாராச்சும் அவளைப் பத்திப் பேசுறீங்க?" என்றான் சொக்கநாதன். "நாளைக்கும் கேப்பேன். சொல்லு."