வெனிங் வீட்டுத் தண்ணீர்

"இந்தக் கூட்டத்துல யாருமே உன் தண்ணியத் தொடலன்னா, அடுத்த மாசத்துலேருந்து பழையபடி கப் தண்ணிதான். அப்புறம் என்னைக் குறை சொல்லாத, வெனிங்."

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முர்னி இப்படிச் சொல்லிவிட்டாள். தெருமுனையில் கடை வைத்திருப்பவள். இந்தோனேசியாவில், சோலோ நகரத்தின் அந்தச் சந்தில் பெண்கள் மாதாமாதம் கூடும் கூட்டத்துக்கு, ஸ்ட்ரா குத்திக் குடிக்கும் பிளாஸ்டிக் கப் தண்ணீரைப் பத்து வருடமாகப் பெட்டி பெட்டியாகக் கொடுப்பவள் அவள்தான்.

"சரிக்கா" என்றாள் வெனிங். வேறென்ன சொல்வது? போன மாதம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஒரே வாய்ப்பு இது. நாலு வாய் உறிஞ்சிவிட்டுத் தூக்கியெறியும் கப்பெல்லாம் போய்ச் சாக்கடையை அடைத்து, சென்ற மழையில் அவள் அடுப்படிக்குள்ளேயே தண்ணீர் வந்துவிட்டது. கணவர் சர்ஜோனோ அரிசி டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு விடிய விடிய நின்றார். அப்போதே முடிவு செய்துவிட்டாள், இந்தச் சந்துக்குள் இனி அந்தக் கப் வரக் கூடாதென்று.

அதற்காக இரண்டு நாள் பாடுபட்டிருந்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, மண்பானையில் ஊற்றி, வாசனைக்கு ரம்பை இலை ஒன்றை முடிச்சுப் போட்டு மிதக்கவிட்டாள். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கியதும் சேர்த்து இருபது கண்ணாடி டம்ளர். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி.

வந்தவர்கள் கையில் சர்ஜோனோ வழக்கம்போல் பலகாரப் பெட்டியைக் கொடுத்து உள்ளே அனுப்பினார். பெட்டியில் எல்லாம் இருந்தது, ஓரத்தில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் கப்பைத் தவிர. பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்ததும் வெனிங் தாம்பாளங்களில் டம்ளர்களைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள். கப் எங்கே போகிறது, சாக்கடை எப்படி அடைக்கிறது, இந்தத் தண்ணீர் எத்தனை நிமிடம் கொதித்தது, பானையை எப்படிக் கழுவினாள் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். டம்ளரைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், இனிமையாகச் சிரித்தார்கள். ஒரு கையும் நீளவில்லை.

வெனிங் அடுப்படிக்குள் ஓடிவந்து திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

கூட்டம் பாட்டுக்கு நடந்தது. தடுப்பூசி முகாம் பற்றிப் பேசினார்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் சமைக்கப் போவது என்று பேசினார்கள். பெட்டியைத் திறந்து பொரித்த டோஃபுவையும் ஊசி மிளகாயையும் கடித்துக்கொண்டே பேசினார்கள். தண்ணீரை மட்டும் தீண்டுவாரில்லை.

தையற்காரி தூத்திக்குக்கு மிளகாய் ஏறிவிட்டது. கண்ணில் நீர் வழிய, மூக்கை உறிஞ்சி, விக்கி விக்கி முகமெல்லாம் சிவந்துபோனாள். அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி டம்ளர் இருந்தது. அதையே ஏக்கமாகப் பார்த்தாளே தவிர எடுக்கவில்லை. பக்கத்திலிருந்தவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"பாத்தீங்களா? விக்கியே செத்தாலும் சாவாங்க, நம்ம வீட்டுத் தண்ணியக் குடிக்க மாட்டாங்க" என்றாள் வெனிங் கணவரிடம்.

சர்ஜோனோ பானையில் மொண்டு ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தார். நாக்கைச் சுழற்றி யோசித்துவிட்டு இன்னொரு டம்ளரும் குடித்தார்.

"நல்லாத்தானே இருக்கு. ஜில்லுன்னு."

"நீங்க கட்டிக்கிட்டவரு. குடிச்சுத்தான் ஆகணும்."

ஒரு மணி நேரம் ஆயிற்று. மூடி போட்ட இருபது டம்ளரும் வைத்த இடத்திலேயே இருந்தன. வெனிங் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அழக் கூடாது என்று வைராக்கியமாகத்தான் வந்தாள். முர்னியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்ததும் கண் முட்டிக்கொண்டது.

"நான் தோத்துட்டேன்கா. உங்க கடையிலேருந்து ரெண்டு பெட்டி கப் தண்ணி கொண்டு வரச் சொல்லுங்க. பாவம், எல்லாரும் தாகத்தோட உக்காந்திருக்காங்க."

தூத்திக் விக்கினாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முர்னி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், வறண்ட தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"கொண்டு வர்றேன். யாவாரம் எனக்கென்ன கசக்குதா? ஆனா ஒண்ணு கேக்கறேன் வெனிங். பானையக் கழுவுனதச் சொன்ன, கொதிக்க வச்சதச் சொன்ன, சாக்கடை வரைக்கும் சொன்ன. ஒரு மணி நேரமா இருபது பேரும் அந்தத் திரையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். கப்புன்னா பெட்டியோட கைக்கே வந்துரும், நாங்க பாட்டுக்குக் குடிச்சிட்டுப் போயிருவோம். டம்ளர்ல வச்ச தண்ணிய, வீட்டுக்காரி 'குடிங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லாம எப்படிம்மா எடுக்கிறது?"

வெனிங் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, குடிங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் இருபது டம்ளரும் காலி. இன்னொரு டம்ளர் ஊற்றச் சொல்லி முதலில் நீண்டது முர்னியின் கை.