கை தூக்கியவர்கள்

இருபத்து நான்கு கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின.

நான் கேள்வியை முடிக்கக்கூட இல்லை. ஆறு மேலே உறைந்து கிடந்தாலும் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதே, ஏன்?

கடைசி வரிசையில், பிள்ளைகள் உட்காரும் சின்ன பெஞ்சில் உடம்பை இடுக்கிக்கொண்டிருந்த கல்வி அதிகாரி தோரன்பெக் புருவத்தை உயர்த்தினார். வெள்ளைக் கம்பளித் தொப்பி அவர் முழங்காலில் இருந்தது.

வலக்கை தூக்கினால் விடை தெரியும் என்று அர்த்தம். இடக்கை என்றால் தெரியாது. அதிகாரிகள் பார்க்க வரும் மாதிரி வகுப்புகளில் எங்கள் ஆசிரியர்கள் எல்லோருமே செய்வதுதான். இதைப் பற்றி நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. வருகிறவர்களுக்கு வகுப்பே கை தூக்கி நிற்பது மட்டும் தெரியும். பூரித்துப்போய் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வலக்கைகள் எட்டு இருந்தன. அதில் நல்ல குரலாக ஒன்றைத் தேடினேன்.

"கனிஷாய் எஜே, இன்னைக்கு ஒருத்தர நான் கூப்பிட்டுக்கட்டுமா?" என்றார் தோரன்பெக். எஜே என்றால் அக்கா; எங்கள் ஊரில் ஆசிரியைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இதுவரை எந்த அதிகாரியும் இப்படிக் கேட்டதில்லை.

அவர் கையில் நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கம் இருந்தது. தலைமையாசிரியர் பதவிக்கு வருகிறவர்கள் தங்கள் கல்விக் கொள்கையை எழுதித் தர வேண்டும். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினேன். முதல் வரியே இதுதான்: என் வகுப்பறையில் பயத்துக்கு இடமில்லை; என் தலைமையிலும் இருக்காது.

அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. இருபத்தாறு வருடத்தில் ஒரு பிள்ளையின் காதைத் திருகியதில்லை. குரலை உயர்த்தியதில்லை. விடை தவறாகிவிட்டால் கண்ணாடியைக் கழற்றி, கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளையைப் பார்ப்பேன். அவ்வளவுதான். துணைத் தலைமையாசிரியை என்ற முறையில் மற்ற ஆசிரியர்களின் பாடக்குறிப்பைத் திருத்தும்போதும் அப்படித்தான்.

"அந்த ஜன்னல்கிட்ட. ரெட்டை ஜடை போட்ட பொண்ணு."

மேரிம். மூன்று நாள் ஒத்திகையிலும் இடக்கையைத் தவிர எதையும் தூக்காதவள். இப்போதும் இடக்கைதான்.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். பேசாமல் நின்றாலே போயிற்று. "நான் இடக்கைதானே தூக்கினேன்" என்று வாயைத் திறந்துவிட்டால், இந்தப் பதவி மட்டுமல்ல, இருபத்தாறு வருடமும் சேர்ந்து போய்விடும். குளிருக்காக வகுப்பில் மூட்டியிருந்த அடுப்பில் நிலக்கரி சரிந்த சத்தத்துக்கே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் எழுந்தாள். என் முகத்தைத்தான் பார்த்தாள். ஜடையின் நுனியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"பனிக்கட்டி லேசு, எஜே. அது மேல வந்து, ஆத்துக்குக் கம்பளி போத்தின மாதிரி படுத்துக்கும். அடில இருக்கற தண்ணிக்குக் குளிர் எறங்காது." எச்சில் விழுங்கினாள். "எங்கப்பா குதிரைங்களுக்குத் தண்ணி காட்ட கோடாலியால ஒடைப்பாரு. நான் கைய விட்டுப் பாத்திருக்கேன். வெளிய அடிக்கற காத்துக்கு அது கதகதப்பா இருக்கும்."

ஒத்திகையில் நான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்த விடை இதில் பாதிகூட இல்லை.

தோரன்பெக் தொடையில் தட்டிச் சிரித்தார். "அடேயப்பா! இந்த வயசுல என்னை இப்படிக் கேட்டிருந்தா ஜன்னல் வழியா குதிச்சு ஓடியிருப்பேன்."

மணி அடித்ததும் மேரிமை நடையில் நிறுத்தினேன். தெரிந்தால் வலக்கைதானே தூக்க வேண்டும் என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

அவள் தன் பூட்சையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வலக்கையத் தூக்கினா நீங்க கூப்பிடுவீங்க. தப்பாயிட்டா கண்ணாடியக் கழட்டுவீங்கல்ல, எஜே?"

சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

பதினாறு இடக்கைகள். அவற்றில் எத்தனைக்கு விடை தெரிந்திருந்தது என்று நினைத்தபோது, வகுப்பில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன்.

ஆசிரியர் அறையில் டீயும், சுடச்சுடப் பொரித்த மாவுருண்டைகளும் தயாராக இருந்தன. எங்கள் பள்ளி ஆசிரியர்கள் பதினேழு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தோரன்பெக் என் கொள்கையின் முதல் வரியை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"உங்க சம்மதமும் வேணும்னு சட்டம். கனிஷாய் எஜே தலைமையாசிரியர் ஆகறதுல சம்மதம் உள்ளவங்க கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின.

"பாருங்க, ஒரு கைகூடக் கீழ இல்ல!" என்று அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். வாழ்த்துச் சொன்னார். எனக்கு அது சரியாகக் காதில் விழவில்லை.

சால்கினைப் பார்த்தேன். இருபது வருடமாக என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். என் மகளின் தலைப்பிரசவத்துக்கு உடன் வந்தவள். அவளுடைய வலக்கை மடியில் இருந்தது.

அடுத்தவரைப் பார்த்தேன். அதற்கடுத்தவரை.

படிக்கிற கண்ணாடியில் தூரம் மங்கலாகத் தெரிந்தது. சரியாகப் பார்த்துவிடலாம் என்று அதைக் கழற்றினேன்.

கைகள் இன்னும் கொஞ்சம் மேலே போயின.

வலக்கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கதவருகே உட்கார்ந்திருந்த உடற்பயிற்சி ஆசிரியர் தூக்கியிருந்தார். அவர் எங்கள் பள்ளிக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது.