துரைக்கு மாத்திரை

நாய்க்கு இதய மாத்திரை தீர்ந்துவிட்டதென்று புதுச் சீட்டு வாங்க வந்த தையல்காரம்மா, நாற்காலியில் உட்கார்ந்ததுமே கண் கலங்கினாள்.

“எங்க வீட்டுத் துரை மாத்திரையைத் துப்பிடறார் டாக்டர். போன வாரம் தலை சுத்தி அப்படியே உட்கார்ந்துட்டார். எனக்கு உயிரே போயிடுச்சு.”

நாயை மரியாதையாக அழைப்பவர்களைக் கால்நடை மருத்துவர் நிறையப் பார்த்திருந்தார்.

“கூட்டிட்டு வந்திருக்கலாமே?”

“ஆஸ்பத்திரின்னாலே வாசலைத் தாண்ட மாட்டார்.”

“சரி, ரொட்டியில வெண்ணெய் தடவி, உள்ள ஒளிச்சு வச்சுக் குடுங்க.”

“ரொட்டியைத் தின்னுட்டு மாத்திரையைச் செடித் தொட்டியில துப்பிடறாரே!”

“அப்போ பின்னந்தலையைப் பிடிச்சு, வாயைத் திறந்து, மாத்திரையை நாக்கு மேல உள்ள தள்ளி வச்சுடுங்க. முழுங்கற வரைக்கும் கழுத்தைத் தடவுங்க. முழுங்கினதும் நல்ல பிள்ளைன்னு தட்டிக் குடுங்க.”

அவள் ஒன்று விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சீட்டு எழுதப் போன மருத்துவர் நிமிர்ந்தார். “போன மாசம் குடுத்த முப்பதுல எத்தனை மிச்சம்?”

“ஒண்ணுகூட இல்ல. இன்னைக்குக் காலையோட சரியா முடிஞ்சது.”

“தினம் துப்பினா எப்படிச் சரியா முடியும்?”

“அது நாயோட மாத்திரை டாக்டர்! கூப்பிட்டா வந்து வாயைத் திறக்கும், தங்கம். நான் சொன்னது எங்க வீட்டுக்காரரை. அவரோட டாக்டர், வேளாவேளைக்குக் குடுங்கன்னு சொல்றதோட சரி. உங்களை மாதிரி விளக்கமா யார் சொல்றாங்க?”

மருத்துவர் சீட்டை எழுதி நீட்டினார். நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பியவள், கதவருகே நின்று திரும்பினாள்.

“கடிச்சுட்டா ஊசி போட்டுக்கணுமா டாக்டர்?”