கூரையில்லாத வண்டிக்கு ஏ.சி.

"கூரையே இல்லாத வண்டிக்கு ஏ.சி.யா? எதுக்கு சார், தெருவையே குளிர வைக்கவா?"

கேட்டுவிட்டு மெக்கானிக் தானே சிரித்தார். எதிரே நின்றவர் சிரிக்கவில்லை.

"ஹீட்டரும் வேணும்" என்றார்.

அறுபதை நெருங்கும் ஆள். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு சீட் திறந்த காருக்கு அவரைவிட நாலைந்து வயசு கூடவே இருக்கும்.

"போட்டுடலாம். ஆனா பின்னால மடிஞ்சு கிடக்கிற இந்தத் துணிக் கூரையை இழுத்து மூடினாத்தான் குளிர் உள்ளே நிக்கும்."

"அந்தக் கூரையைக் கழட்டிடுங்க. அது வேண்டாம்."

"மழை வந்தா?"

"அன்னைக்கு வண்டியை எடுக்க மாட்டேன்."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. தகரக் கொட்டகைக்கு அடியில் வெந்து வேலை பார்க்கிறவனிடம் வந்து, காற்றைக் குளிர வைத்துக் காற்றிலேயே விடச் சொல்கிறார்!

அவர் போனதும், மூலையில் சீட் உறை தைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் திரும்பினார். "கொழுப்பைப் பாத்தியா?"

"மெதுவா பேசுங்க. காதுல விழுந்துடப் போகுது."

"விழட்டுமே!"

வேலை ஆரம்பித்தது. கம்ப்ரஸரை இன்ஜின் பெல்ட்டில் கோத்து, ரேடியேட்டரின் சுடுதண்ணீரை ஹீட்டருக்குக் குழாய் போட்டு இழுத்து, பழைய வயரிங் தாங்காது என்று அதையும் பிரித்துப் போட்டார் மெக்கானிக்.

அந்த ஆள் அடிக்கடி வந்து உயிரை எடுத்தார். ஒவ்வொரு ஒயரையும் தடவிப் பார்ப்பார். பெட்ரோல் குழாயை மோந்து பார்ப்பார். "இதுக்கு ஃப்யூஸ் போட்டீங்களா? இதுக்கு?"

"வந்துட்டார் உங்க ஃப்யூஸ் சார்" என்பாள் மனைவி.

ஒருநாள் புதிதாக ஒன்று சொன்னார். "ஓட்டுற பக்கம் காத்தே வேண்டாம். எல்லாத்தையும் பக்கத்து சீட்டுக்குத் திருப்பிடுங்க. அப்புறம், அந்தப் பக்கக் கதவுல பூட்டு இருக்கக் கூடாது. உள்ளே இருந்து ஒரு விரலால தள்ளினா திறக்கணும்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அப்படி யாரை சார் உட்கார வைக்கப் போறீங்க?"

அவர் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரியை."

பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க பழைய கார் தீப்பிடிச்சுடுச்சு. கதவு திறக்கலை. பொண்ணு போயிட்டா. இவ மட்டும் மிஞ்சினா. வெந்த தோல் வேர்க்காதாம். லேசா வெயில் பட்டாலே உடம்புக்குள்ள கொதிக்குது. குளிர் பட்டா தோல் இழுத்துப் பிடிக்குது. மூடின வண்டியைக் கண்டாலே அலறுறா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவ இன்னும் வாசலைத் தாண்டலை."

மூலையில் தையல் மிஷின் நின்றுவிட்டது.

"வண்டியை யாரு ஓட்டினது?" என்றார் மெக்கானிக்.

"நான்தான்."

மெக்கானிக்கின் பார்வை அவர் கைகளுக்குப் போனது. முகத்துக்கு, கழுத்துக்குப் போனது. எங்கும் ஒரு தழும்பு இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

அவர் போனதும் பொருமித் தீர்த்தார். "பெத்த பொண்ணையும் கட்டினவளையும் உள்ளே விட்டுட்டு, தான் மட்டும் குதிச்சிருக்கான்! இப்ப ஏ.சி. போட்டுப் பாவத்தைக் கழுவுறான்!"

"கண்ணால பாத்த மாதிரி பேசாதீங்க."

"அதான் உடம்பைப் பாத்தேனே! போதாதா?"

அதற்குப் பிறகு அவர் வந்தால் நாற்காலி போடவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை. அது அந்த அம்மாவுக்காக. மனைவியும் தோலில் உரசாத மெல்லிய துணியாகத் தேடி எடுத்து அந்தச் சீட்டுக்கு உறை தைத்தாள்.

வெயில் ஏறாத ஒரு காலையில் மெக்கானிக்கே வண்டியை அவர் வீட்டுக்கு ஓட்டிப் போனார்.

அந்த அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். வாசலில் கால் தயங்கியது. கணவர் கையை நீட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். அவளாகவே தாண்டினாள். அவளாகவே வந்து சீட்டில் உட்கார்ந்தாள்.

மெக்கானிக் ஸ்விட்சைப் போட்டார். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"குடிக்கத் தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று கணவர் உள்ளே ஓடினார்.

மெக்கானிக்கால் பொறுக்க முடியவில்லை. குனிந்து தணிந்த குரலில் சொன்னார். "அம்மா, வண்டியில எதுன்னாலும் எனக்குச் சொல்லி அனுப்புங்க. அவரை நம்பி இருக்காதீங்க. ஒரு தடவை நம்பினது போதும்."

அவள் கண்களைத் திறந்தாள். வெந்து சுருங்கிய உதடுகள் மெல்ல அசைந்தன.

"உங்ககிட்டயும் தான்தான் ஓட்டினேன்னு சொன்னாரா?"

மெக்கானிக் தலையாட்டினார்.

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றாரு. அன்னைக்கு அவர் வண்டியிலேயே இல்லைங்க. ஓட்டினது நான்."